குட்டைக் கம்பியும் 'மின்கசிவு' என்னும் சொல்லும்

சனவரி மாதத் தில்லியில், முனிர்க்காவிலோ பேர் சராயிலோ வாடகை அறையில் வாழும் ஓர் ஆய்வு மாணவரின் காலை வெந்நீரில் தொடங்குகிறது. வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் ராடு, இல்லையேல் குளியலறைச் சுவரில் மாட்டிய கீசர். இரண்டுக்கும் மின்சாரம் தருவது சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட். ஒரு நாள் அந்தச் சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறம் படர்ந்திருக்கும். மின்பணியாளர் வருவார். பழைய சாக்கெட்டைக் கழற்றுவார், கருகிய கம்பி முனையை வெட்டி எறிவார், மீண்டும் தோலுரித்துப் புதிய சாக்கெட்டில் முடுக்குவார். குடித்தனக்காரர் நான்கு பேர் மாறுவதற்குள் இது நான்கு முறை நடந்திருந்தால், ஒவ்வொரு முறையும் இரண்டு சென்டிமீட்டர் வீதம் கம்பி தேய்ந்து, குழாயின் வாயிலிருந்து வெளியே நீண்டிருப்பது இரண்டு விரற்கடை அளவே ஆகும். மரப்பலகைப் போர்டை எடுத்துவிட்டு மாடுலர் பெட்டி வைத்த வீடுகளிலும் இதே நிலைதான். திருகுமுனை இடம் மாறிவிட, பழைய கம்பி அங்குவரை எட்டுவதில்லை.

ஐந்தாம் முறை வருபவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் ஒரு துண்டு வயரை எடுத்து, பழைய முனையோடு சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, பெட்டிக்குள் திணித்து மூடிவிடுகிறார். விளக்கு எரிகிறது, கீசர் சுடுகிறது, கூலி கைமாறுகிறது. அந்த முடிச்சை அதன்பின் யாரும் பார்ப்பதில்லை.

இத்தகைய முடிச்சு ஒருநாள் தீப்பிடித்தால் செய்தித்தாளில் அதற்குக் கிடைக்கும் பெயர் 'மின்கசிவு'. தமிழ் இதழ்களில் மின்சாரத்தால் நேரும் எந்தத் தீயும் 'மின்கசிவு காரணமாக' என்ற ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. இந்தி இதழ்களில் அதே இடத்தை 'ஷார்ட் சர்க்கியூட்' நிரப்புகிறது. இரண்டும் பொருளுள்ள சொற்கள். இரண்டும் உண்மையான பழுதுகளைக் குறிப்பவை. ஆயின் சுவருக்குள் கிடக்கும் தளர்ந்த முடிச்சுக்கு இரண்டுமே பொருந்துவதில்லை. கசிவு என்பது மின்னோட்டம் தன் பாதையை விட்டு நிலத்துக்கோ உலோக உறைக்கோ வழிதவறிச் செல்வது. குறுக்குச்சுற்று என்பது இரு கம்பிகள் இடையில் தடையின்றித் தொட்டுக்கொள்வது. தளர்ந்த முடிச்சில் நடப்பது வேறு. மின்னோட்டம் சரியான பாதையில்தான் செல்கிறது, சரியான அளவில்தான் செல்கிறது. போகும் வழியில் ஓரிடம் மட்டும் குறுகலாக இருக்கிறது. அவ்விடம் சுடுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாத இடம் இது. காரணத்துக்குக் கசிவு என்று பெயரிட்ட சமூகம், தீர்வையும் கசிவைப் பிடிக்கும் கருவியிலேயே தேடுகிறது. ஆர்.சி.சி.பி. என்னும் கருவி போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தளர்ந்த முடிச்சில் போவதும் வருவதும் சமம்; ஆர்.சி.சி.பி. அதைக் காண்பதில்லை. எம்.சி.பி.யோ அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை மட்டுமே அறியும். முடிச்சின் தடை மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, ஓர் இம்மியளவு குறைக்கவே செய்கிறது. இரு காவலர்களும் விழித்திருக்கும்போதே அவர்களுக்கு நடுவில் ஒரு முடிச்சு கொதித்துக்கொண்டிருக்க முடியும்.

எவ்வளவு கொதிக்கும் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே காட்டலாம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு தடையைப் பெருக்கக் கிடைப்பது. 230 வோல்ட்டில் 3,000 வாட் கீசர் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். முடிச்சின் தொடுதடை வெறும் 0.1 ஓம் என்று கொள்வோம். அவ்விடத்தில் மட்டும் பிறக்கும் வெப்பம் சுமார் 17 வாட். வானொலி பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கக் கையாளும் சிறிய சால்டரிங் கோல் 25 வாட். அதற்குச் சற்றே குறைந்த ஒன்றைக் காற்றோட்டமற்ற பெட்டிக்குள், பி.வி.சி. உறையால் போர்த்தி, அரைமணி நேரம் எரியவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டு வயரின் சாதாரண பி.வி.சி. உறை தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட கம்பி வெப்பம் 70 டிகிரி செல்சியஸ். அதே முடிச்சில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை மாட்டினால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகும், வெப்பம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இரண்டு வாட்டைத் தொடாது. 'இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதத்தின் விடை இங்குதான் உள்ளது. அதுவரை அங்கே செல்பேசி சார்ஜரும் மேசை விளக்கும்தான் மாட்டப்பட்டிருந்தன.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சூடேறிய கம்பி விரியும், ஆறியபின் சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு சற்றே நெகிழும். சூடு ஆக்சைடு படலத்தை வளர்க்கும். படலம் தடையைக் கூட்டும். தடை மேலும் சூட்டைக் கூட்டும். டேப்பின் பசை இளகி வழியத் தொடங்கும். சென்ற தலைமுறை வீடுகள் பலவற்றில் செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் இழுத்த அலுமினியக் கம்பி இன்னும் உள்ளது. அதனோடு புதிய செம்புத் துண்டை நேராக முறுக்குவது எல்லாவற்றிலும் மோசமானது. அலுமினியத்தின் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, ஈரம் சேர்ந்தால் அரிப்பும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியாயின் குட்டைக் கம்பியை நீட்டவே கூடாதா? கூடும். முறைப்படி நீட்டிய கம்பி, நீட்டாத கம்பிக்குக் குறைந்ததன்று. ஒட்டுப்போடுவதே பாவம் என்று சொல்லும் தூய்மைவாதிகளும், எதையும் முறுக்கி மூடலாம் என்போரும் ஒரே பிழையைத்தான் இரு புறமிருந்து செய்கின்றனர்: முறைக்கும் முறைகேட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இருவருமே விளக்குவதில்லை. தூய்மைவாதியின் தடையைக் கேட்டு யாரும் சுவரை உடைப்பதில்லை. டேப்பைத்தான் எடுக்கிறார்கள்.

முதல் தெரிவு, அருகிலுள்ள ஜங்ஷன் பெட்டியிலிருந்து புதிய வயரையே இழுப்பது. பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால், குழாய் அடைபடாதிருந்தால், பத்து நிமிட வேலை. பல வீடுகளில் குழாய்க்குள் சிமெண்டு இறங்கி இறுகிப்போயிருக்கும். அங்கு இது நடவாது. அப்போது இணைப்பைச் சாக்கெட்டின் பின்னுள்ள பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள் தள்ளிவிடுவதும், பூச்சுக்கு அடியில் புதைப்பதும் கூடாது. மூடியைத் திறந்தால் கண்ணுக்குப் படவேண்டும், கைக்கு எட்டவேண்டும். பன்னாட்டு வயரிங் நெறிகளும், 2019இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 732உம் வலியுறுத்தும் அடிப்படை இதுவே.

இணைக்கும் பொருள் டேப் அன்று, கனெக்டர். கீசர்க் கடைகளில் கிடைக்கும் பீங்கான் கனெக்டர், திருகு வைத்த பித்தளைத் துண்டுகள் கொண்ட பட்டைக் கனெக்டர், கிரிம்பிங் கருவியால் நசுக்கிப் பிடிக்கும் செம்புக் குழல், அண்மைக்காலமாக இந்தியக் கடைகளிலும் கிடைக்கும் வாகோ வகை நெம்புகோல் கனெக்டர் ஆகியவற்றில் எதுவும் ஆகலாம். அதன்மேல் அச்சிட்ட ஆம்பியர் அளவும், அது ஏற்கும் கம்பியின் பருமனும் பொருந்த வேண்டும் என்பதே கட்டளை. குட்டைக் கம்பிக்கு நெம்புகோல் வகையே பெரிதும் உதவுகிறது. 11 மில்லிமீட்டர் தோலுரித்தால் போதும், திருப்புளிக்கு இடம் வேண்டியதில்லை, உள்ளிருக்கும் வில்லின் அழுத்தம் சூடேறி ஆறினாலும் தளர்வதில்லை. திருகு வகையில் பல்லிழை வயரின் நுனிக்கு ஈயம் பூசி முடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பார்க்க அழகாயிருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலக, சில மாதங்களில் திருகு தளர்ந்துவிடும்.

நீட்டும் துண்டு பழைய கம்பியை விட மெலிந்ததாக இருத்தல் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுப்பது வீடுகளில் வழக்கம், பெரிய ஏ.சி.க்கும் கீசருக்கும் 4. பழைய பணியாளர் 'மூணு இருபது', 'ஏழு இருபது' என்பார். 20ஆம் எண் கேஜ் இழைகள் மூன்று, ஏழு என்பது அதன் பொருள். பிரித்தானியக் கேஜ் அளவை கடையிலிருந்து மறைந்து, வாய்மொழியில் மட்டும் உயிரோடிருக்கிறது. மூணு இருபது என்பது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர், ஏழு இருபது 4.6. இக்கணக்குத் தெரியாமல் பழைய ஏழு இருபதின் நுனியில் 1.5 சதுர மில்லிமீட்டர் துண்டை ஒட்டினால், கட்டுப் பெட்டியிலுள்ள எம்.சி.பி. தடித்த கம்பியையே நம்பிக் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

கம்பிகள் மூன்று. மூன்றையும் ஒரே கவனத்தோடு நீட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருப்பதற்கும் ஒரு மொழிக்காரணம் உண்டு. வட இந்தியப் பணியாளர் பேச்சில் ஃபேஸ் கம்பி 'கரம் தார்', நியூட்ரல் கம்பி 'டண்டா தார்': சூடான கம்பி, குளிர்ந்த கம்பி. தமிழ்நாட்டில் ஃபேஸை 'கரண்டு வர்ற வயர்' என்பர். இரு வழக்குகளும் நியூட்ரலில் ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை விதைக்கின்றன. கீசர் ஓடும்போது 13 ஆம்பியரும் அதே குளிர்ந்த கம்பி வழியாகத்தான் திரும்புகிறது. சூடான கம்பியைத் திருகி முடுக்கியவர் குளிர்ந்த கம்பியை இரண்டு முறுக்கோடு விடுவதுண்டு; பழுப்பேறும் துளை பல நேரங்களில் எதுவென்று பார்த்தால் இது விளங்கும். எர்த் கம்பியின் கதை இன்னும் இரங்கத்தக்கது. அதை நீட்டாமல் விட்டாலும் கருவி ஓடும். குறை எதுவும் தெரியாது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை நீண்டும் தடித்தும் அமைக்கப்பட்டிருப்பது, அது முதலில் சென்று தொட்டு இறுதியில் விலக வேண்டும் என்பதற்காக. அந்த ஏற்பாடெல்லாம் சுவருக்குப் பின்னால் வெட்டிவிடப்பட்ட பச்சைக் கம்பியில் முடிந்துவிடுகிறது.

வேலைக்கு முன் மின்சாரத்தைத் துண்டிப்பது பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் அணைப்பதும் போதாது. சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால் ஃபேஸ் உயிரோடேயே இருக்கும். மூன்று கம்பிகளையும் தனித்தனியே சோதித்தறிய முடியாதவர் பெட்டியைத் திறக்காதிருப்பதே நன்று. வேலை முடிந்தபின் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், வராவிட்டால் சரி. அடுத்த பழுதுக்கென ஒரு சாண் கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள் விடுவது, இனி வரவிருக்கும் குடித்தனக்காரருக்குச் செய்யும் நன்றி.

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், பின்னர் அவற்றின் இடத்தில் வந்து 2023 வரை நடப்பிலிருந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆகிய இரண்டும் ஒரே நிலைப்பாட்டைக் கொண்டவை. மின்னமைப்பில் எந்த வேலையும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியே நடைபெற வேண்டும். விளக்கு, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் அமைப்பின் திறனோ தன்மையோ எவ்வகையிலும் மாறாத அளவில். சொற்பொருள் பயின்றவர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இது. அதே பருமனுள்ள கம்பியால், தகுந்த கனெக்டரால், பெட்டிக்குள் நீட்டும்போது திறனும் மாறுவதில்லை, தன்மையும் மாறுவதில்லை என வாதிடலாம். மெலிந்த துண்டை முறுக்கி ஒட்டும்போது இரண்டும் மாறுகின்றன. உரிமம் உள்ளவர் செய்தாலும் மாறுகின்றன. விதியின் உயிர் 'யார்' என்பதில் மட்டுமன்று, 'திறன், தன்மை' என்னும் இரு சொற்களிலும் இருக்கிறது. நடைமுறையிலோ 'யார்' என்பதும் பார்க்கப்படுவதில்லை. ஒற்றைச் சாக்கெட்டுக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வருவதில்லை. தெருமுனைக் கடையில் கைப்பழக்கத்தால் கற்றவர்தான் வருகிறார்.

அவர் எதைக் கற்றார்? ஐ.டி.ஐ.யில் பயின்றவராயின் பயிற்சி நூலில் மேரீட் ஜாயிண்ட், டீ ஜாயிண்ட், பிரிட்டானியா, வெஸ்டர்ன் யூனியன் ஆகிய இணைப்புகளைச் செய்து மதிப்பெண் பெற்றிருப்பார். வெஸ்டர்ன் யூனியன் என்பது அமெரிக்கத் தந்தி நிறுவனத்தின் பெயர். பிரிட்டானியா இணைப்பும் மேல்நிலைத் தந்திக் கம்பிகளின் காலத்தது. காற்றில் தொங்கும் கம்பி தன் எடையால் அறுந்துபோகாதிருக்க வேண்டும் என்பதே அவற்றின் கவலை; தந்தியில் ஓடிய மின்னோட்டமோ அற்பம். சுவருக்குள் நிலைமை நேர்மாறு. அங்கே கம்பியை இழுப்பவர் எவருமில்லை, ஆனால் 13 ஆம்பியர் ஓடுகிறது. கைத்திறனுக்கான பயிற்சியாக அவ்விணைப்புகள் நிலைத்திருப்பதில் தவறில்லை. ஈயம் பற்றவைக்கும் படியை விட்டுவிட்டு, முறுக்கை மட்டும் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்ததுதான் தவறு. பணியாளரைக் குறைசொல்வது எளிது. அவர் கையிலுள்ள முறுக்கு அவருக்கு அளிக்கப்பட்ட கல்வி.

இந்த நூல்களை வெளியிடும் தேசியப் பயிற்றுக் கருவிகள் நிறுவனம் சென்னை கிண்டியில் உள்ளது. தமிழிலும் இந்தியிலும் நூல்கள் வருகின்றன. தரநிலைகளோ நெடுங்காலம் விலைக்கே கிடைத்தன. கார்ல் மாலமுட் என்ற அமெரிக்கர் அவற்றை இணையத்தில் ஏற்றியதும், பொது விதிகளை விலைக்கு விற்கலாமா என்ற வழக்கு 2015இல் தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றதும் பலரும் அறிந்தவை. இன்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் அவற்றை விலையின்றிப் பெறலாம். ஆனால் அவற்றின் ஆங்கிலம் நடுவர் மன்றத்துக்கு எழுதிய ஆங்கிலம். முனிர்க்காவின் பணியாளரும் படிக்க முடியாது, அவரை அழைத்த முனைவர்பட்ட மாணவரும் பொறுமையாகப் படிக்க மாட்டார்.

பல்கலைக்கழகங்களின் பங்கு இங்கே வருகிறது, பெருமைப்படத்தக்க பங்கன்று. 1961இல் ஒன்றிய அரசு அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது முதல், இந்திய மொழிகளில் சொல்லாக்கம் ஓயாமல் நடந்துவருகிறது. தமிழில் நியூட்ரலுக்கு 'நொதுமல்' உண்டு, எர்த்துக்கு நிலத்தொடுப்பும் புவியிணைப்பும் உண்டு. சொற்களுக்குப் பஞ்சமில்லை. அச்சொற்கள் ஏறி நிற்கும் வாக்கியம்தான் இல்லை. 'தோலுரித்த நுனி கனெக்டரின் வாய்க்கு வெளியே தெரியக்கூடாது' என்று ஒரு வரி எழுதக் கலைச்சொல் அகராதி வேண்டியதில்லை. கையால் ஒருமுறை செய்துபார்த்த ஒருவர் வேண்டும். சொல்லாக்கக் குழுவின் மேசையைச் சுற்றி மொழிப் பேராசிரியர் உண்டு, பொறியியல் பேராசிரியர் உண்டு. பெட்டியைத் திறந்தவர் இல்லை.

'ஜாயிண்ட்' என்பதற்குத் தமிழில் என்ன என்ற எளிய கேள்வியே இதைக் காட்டிவிடும். அகராதி 'இணைப்பு' என்கிறது. மின் வாரியக் கட்டண அட்டையிலும் 'மின் இணைப்பு எண்' உள்ளது. வீட்டுக்குப் புதிதாக மின்சாரம் பெறுவதும் இணைப்பு. கடிதத்தோடு சேர்க்கும் தாளும் இணைப்பு. 'இணைப்பைச் சரிபார்க்கவும்' என்ற எச்சரிக்கை எதைப் பார்க்கச் சொல்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. 'கம்பிமூட்டு' என்றால் தெரியும். மூட்டு என்றவுடன் தேய்மானமும் வலியும் வீக்கமும் தமிழ் மனத்தில் தாமே வந்துவிடும், இந்தப் பொருளுக்கு அவை அனைத்தும் பொருத்தமே. செய்தியாளரும் 'மின்கசிவு' என்று எழுதுமுன் தீயணைப்புத் துறையினரிடம் 'மூட்டா, கசிவா, குறுக்கா' என்று ஒரு வினா வினவலாம். விடை கிடைக்காத நாளில் 'மின்பழுது' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகலாம். பொய்யான துல்லியத்தை விட அது மேல்.

இத்தகைய அறிவைப் பரப்பினால் அரைகுறையாகக் கற்றவர்கள் கைவைத்துச் சாவார்கள் என்ற மறுப்பு எழும். மதிக்கத்தக்க மறுப்பு. ஆயினும் இன்றைய ஏற்பாட்டில் கைவைப்பவர் ஏற்கனவே அரைகுறையாகத்தான் கற்றிருக்கிறார், மேற்பார்ப்பவர் எதுவும் கல்லாதவர். கூலி கொடுப்பவர் தாமே திருப்புளியை எடுக்க வேண்டியதில்லை. மூடி போடுமுன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, 'டேப்பா, கனெக்டரா? ஒட்டிய வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர்? பச்சையையும் நீட்டினீர்களா, அண்ணா?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். தில்லியில் அதே கேள்வியை 'பையா' என்று விளித்து இந்தியில் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கே பணியாளர் பையிலிருந்து கனெக்டரைத் தேடி எடுப்பார். பெரும்பாலும் அவர் பையில் அது இருக்கும். இதுவரை யாரும் கேட்டதில்லை.